ரோசரி டீச்சரின் சோப்பு டப்பா

ஸ்ரீரங்கத்தில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "ரோசரி டீச்சர் மாதிரி செஞ்சு காட்டு" என்று சொன்னால் போதும். நடை, குரல், கொண்டை என்று யாரும் மெனக்கெட மாட்டார்கள். இடது கையை எடுத்து வாயின் மேல் வைத்துக்கொள்வார்கள். வகுப்பே கொல்லென்று சிரிக்கும். பாடம் நடத்தும்போதும் டீச்சரின் கை அங்கேதான், சிரிக்கும்போதும் அங்கேதான். வலது கையில் சாக்பீஸ், இடது கை வாயில். இரண்டு கையும் வேண்டியிருக்கிற வேலை வந்துவிட்டால் டீச்சர் பேச்சை நிறுத்திவிடுவாள்.

ஏன் இப்படி என்பதற்குப் பிள்ளைகளிடம் ஆயிரத்தெட்டுக் காரணம் இருந்தது. சொத்தைப் பல் என்றாள் ஒருத்தி. டீச்சருக்கு மீசை முளைக்கிறது என்று இன்னொருத்தி சத்தியமே செய்தாள். கையை எடுத்துவிட்டுப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. மேல்வரிசையில் முன்பற்கள் கொஞ்சம் எத்தி நிற்கும், அதில் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஊரில் நாலு பேரில் ஒருத்திக்கு இருக்கிற பல்தான். அதற்காக யாரும் வாயைப் பொத்திக்கொண்டு ஆயுசைக் கழிப்பதில்லை. ரோசரிக்கோ அந்தப் பல் ஒரு தடவை நேராகிவிட்டுத் திரும்பவும் கோணலான கதைதான் வெட்கமாக இருந்தது. அந்தக் கதை அவளைத் தவிர யாருக்கும் முழுசாகத் தெரியாது.

அவள் பிறந்து வளர்ந்தது பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா இன்னாசிராஜ், ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு போல்ட்டைத் தொட்டு அளவு சொல்லக்கூடிய மனிதர், அந்தப் பெருமையை மறைக்கத் தெரியாத மனிதரும்கூட. அம்மா அற்புதம்மாள் மாதா கோயில் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பாள். பீடத்து விரிப்பு, பூசைப் பாத்திரம் துடைக்கிற துண்டு எல்லாம் அவர்கள் வீட்டுக்குத்தான் வரும். அதை அம்மா மற்றத் துணியோடு சேர்க்கவே மாட்டாள். தனிச் சட்டியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் யார் காலும் படாத செம்பருத்தி மூட்டில் கொண்டுபோய் ஊற்றுவாள். சாமி பட்ட பொருளை அப்படித்தான் சுத்தம் செய்யவேண்டும் என்று ரோசரி கற்றுக்கொண்டது சின்ன வயதில் அந்தச் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் நின்றுதான். பின்னால் வந்த வினைக்கு அதுதான் விதை.

1961-இல், பதினைந்து வயதில், கடைவாய்ப் பல் வலி என்று அப்பா அவளைப் பாலக்கரை ரோட்டில் புதிதாக வந்திருந்த பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் காஜா மைதீன் மெட்ராஸில் படித்துவிட்டு வந்த கையோடு போர்டு மாட்டியிருந்தார். சொத்தையை அடைத்தவர், முன்பற்களை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதை நேராக்கலாம். கம்பி கட்டணும். ரெண்டு வருஷம் ஆகும். இந்த ஊர்ல நான் கட்டப்போற முதல் ஆள் உங்க பொண்ணாத்தான் இருக்கும். சம்மதமா சொல்லுங்க."

பல்லை நேராக்குவது என்று ஒன்று இருப்பதே அதுவரை பொன்மலைக்குத் தெரியாது. ஆனால் கம்பி, வளைவு, இழுவிசை என்று டாக்டர் சொன்னபோது இன்னாசிராஜுக்கு அது தன்னுடைய பாஷை மாதிரி இருந்தது. உடனே தலையாட்டிவிட்டார்.

அந்த இரண்டு வருஷமும் ரோசரி பட்ட பாடு சொல்லி மாளாது. ரயில்வே காலனிப் பிள்ளைகளின் வாயைக் கேட்கவா வேண்டும்? "வாயில தண்டவாளம் போட்டிருக்கா, எத்தனை மணிக்குடி ரயிலு?" என்று தெருமுனையிலேயே ஆரம்பிப்பார்கள். முறுக்குக் கிடையாது, கடலை கிடையாது. மாதம் ஒரு தடவை கம்பியை முறுக்கிவிட்டால் மூன்று நாள் கஞ்சிதான். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு, கடிக்க முடியாத நாட்களில் கடிக்காமலும், பொறுத்துக்கொண்டாள்.

1963 மே மாதம் கம்பியைக் கழற்றிவிட்டு டாக்டர் கைக்கண்ணாடியைக் கொடுத்தார். ரோசரி பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த வாயைக் கண்ணாடியில் பார்த்து மறுபடியும் சிரித்தாள். இன்னாசிராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

டாக்டர் பல்வரிசையை வெள்ளைச் சாந்தில் அச்செடுத்தார். வெளியே நோயாளிகள் உட்காரும் அறையில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. அதில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த கோணல் அச்சுக்குப் பக்கத்தில் இந்த நேரான அச்சை வைத்தார். அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார். அது எதற்கு என்று இன்னாசிராஜ் கேட்டார்.

"மூணாவது அச்சுக்கு. பல்லுங்கறது ஆணி அடிச்ச மாதிரி நிக்கறதில்லைங்க. நகர்த்தின இடத்துல எலும்பு கெட்டிப்பட நாளாகும். அதுவரைக்கும் பழைய இடத்துக்கே ஓடப் பாக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு எடுக்கிற அச்சு இதே மாதிரி இருந்தாத்தான் நான் செஞ்சது வேலை. இன்னும் நாலு பிள்ளைங்களைக் காத்திருக்கச் சொல்லியிருக்கேன். இது நின்னாத்தான் அவங்களுக்குத் தைரியமா கட்டுவேன்."

பல் ஓடாமல் பிடித்துவைக்க இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். ஒன்று, இரண்டு பக்கத்துக் கோரைப்பல்லிலும் உலோக வளையம் மாட்டி, பல்லுக்குப் பின்னால் ஒரு கம்பியால் இணைத்து ஒட்டிவிடுவது. வெளியே தெரியாது, கழற்ற முடியாது. ஆனால் அழுக்குச் சேரும், மாதாமாதம் வந்து சுத்தம் செய்துகொள்ள வேண்டும். இன்னொன்று பிளேட். அண்ணத்தில் ஒட்டி உட்கார்கிற இளஞ்சிவப்புத் தகடு, முன்பல்லுக்கு மேல் ஒரே ஒரு மெல்லிய கம்பி. நினைத்தபோது கழற்றலாம், மாட்டலாம்.

"நான் சொல்றதைக் கேளு ரோசி," என்றார் இன்னாசிராஜ். "ரிவெட் அடிச்சுட்டா அதைப் பத்தி அப்புறம் நினைக்கவே வேண்டாம். போல்ட்டுன்னா தினம் போய் முடுக்கிப் பாக்கணும். ஒட்டுறதையே போட்டுக்க."

ரோசரிக்கோ வாயில் இனி ஒட்டின இரும்பே வேண்டாம் என்றிருந்தது. நாக்கால் பல்லைத் தடவிப் பார்க்கவேண்டும், முறுக்குத் தின்னவேண்டும். "பிளேட்டுதான் வேணும்பா. நான் பத்திரமாப் பாத்துக்கறேன்," என்று பிடிவாதம் பிடித்தாள். அப்பா விட்டுக்கொடுத்தார்.

பிளேட்டைக் கையில் கொடுக்கும்போது டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சாப்பிடும்போது மட்டும் கழற்றவேண்டும். கழற்றினால் தண்ணீரில் போட்டுவைக்கவேண்டும். காகிதத்தில் சுருட்டி வைத்தால் குப்பை என்று யாராவது தூக்கிப் போட்டுவிடுவார்கள். பச்சைத் தண்ணீர் விட்டு மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்க்கவேண்டும். கரிப்பொடி கூடாது, கீறல் விழும்.

"எல்லாத்துக்கும் மேல, வெந்நீர் படவே கூடாது. பட்டா நெளிஞ்சுடும். அப்புறம் அது பிளேட்டே இல்லை. எங்க, சொல்லு பாப்பா."

"வெந்நீர் படக் கூடாது."

மூன்று தடவை சொல்லவைத்துவிட்டுத்தான் அனுப்பினார். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிற்பாடு அவள் தன் மனதுக்குக்கூடச் சொல்லிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று.

அப்பா ஸ்டோரிலிருந்து பச்சை நிறச் சோப்பு டப்பா ஒன்று வாங்கி வந்தார். அதில் தண்ணீர் ஊற்றி, சாப்பாட்டு வேளைகளில் ரோசரி பிளேட்டை அதற்குள் போட்டுவைப்பாள். நாலு மாதம் அவளைப் போல ஒழுங்கு யாரும் இல்லை. மாதாமாதம் டாக்டரிடம் போய்க் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மட்டும் பிளேட்டை டப்பாவில் போட்டு வீட்டில் வைத்துவிட்டு, வந்ததும் மாட்டிக்கொள்வாள். செப்டம்பரில் டாக்டர் ஒரு பல்லைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "லேசா ஆடுதே. சாப்பாட்டைத் தவிர ஒரு மணி நேரம்கூடக் கழட்டாதேம்மா," என்றார்.

அக்டோபர் முதல் ஞாயிறு ஜெபமாலை மாதா திருநாள். ரோசரியின் பெயர் கொண்ட நாள். பாட்டுப் பூசை, பிரசங்கம், சுற்றுப்பிரகார ஊர்வலம் என்று மூன்று மணி நேரமாவது ஆகும். பிளேட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று காலையில் சோப்பு டப்பாவை வைத்துக்கொண்டு தவித்தாள். சாப்பிடும்போது மட்டும் கழற்று என்றார் டாக்டர். நன்மை வாங்குவது, பூசையில் சாமியார் கையால் அப்பம் வாங்குவது, சாப்பாடா? அப்படி நினைப்பதற்கே அவளுக்குக் கூசியது. அது ஆண்டவருடைய சரீரம், இட்லியா தோசையா? சாப்பாடு இல்லை என்று முடிவுசெய்து பிளேட்டோடு போனாள்.

பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதியில் முழந்தாளிட்டு நாக்கை நீட்டினாள். சாமியார் அப்பத்தை வைத்தார். வாயை மூடியதும் அது அண்ணத்தில், அதாவது பிளேட்டில், போய் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளினாள், நகரவில்லை. பல்லால் கடிப்பதும் பாவம், கையால் தொடுவது அதைவிடப் பெரிய பாவம். அதற்குப் பிறகு சொன்ன செபம் எதுவும் காதில் விழவில்லை. சுற்றுப்பிரகாரத்தில் எல்லாரும் பாட, இவள் மட்டும் வாயைத் திறக்காமல் நடந்தாள். கரைந்திருக்கும், கரைந்திருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக் குளியலறையில் பிளேட்டைக் கழற்றினாள். அதன் நடுவில் நகக்கண் அளவு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பிளேட்டை அதில் ஆட்டி, அந்தத் தண்ணீரைக் குடித்தாள். மறுபடியும் ஊற்றி மறுபடியும் குடித்தாள். வெள்ளை போய்விட்டது. ஆனாலும் அந்தத் தகட்டை எப்படிச் சோப்பு டப்பாவில் போடுவது? எப்படி எச்சில் கையால் எடுத்துக் கழுவிக் கழுவி மாட்டுவது? அடுப்பில் காப்பிக்கு வைத்த தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வெந்நீர் படக் கூடாது என்று மூன்று தடவை சொன்ன வாய் அவளுடையதுதான். அது அந்த நிமிஷமும் ஞாபகத்தில் இருந்தது. டாக்டர் பேச்சா, சாமியா என்று ஒரு கணம் நின்றாள். கிண்ணத்தில் பிளேட்டை வைத்துக் கொதிக்கிற தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். பிறகு அம்மா செய்வதுபோலவே அந்தத் தண்ணீரைச் செம்பருத்தி மூட்டில் கொண்டுபோய் விட்டாள்.

பார்வைக்குப் பிளேட்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. வாயில் வைத்தபோதுதான் ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழுந்தது. அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டிக்குள்ளிருந்த வயசான சாமியார் பொறுமையாகக் கேட்டார். "இதுல என்னம்மா பாவம்? இனிமே கழட்டி வச்சுட்டு வா. இல்லேன்னா ஒரு வாய்த் தண்ணி குடி, போயிடும்," என்றார். மாதாவுக்கு மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். நரகமே வாய் பிளந்து நிற்பதாக ஒரு வாரம் நடுங்கியவளுக்கு அது ஒரே நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று.

தீராமல் கிடந்தது பிளேட்தான். மறுநாளே டாக்டரிடம் ஓடியிருந்தால் நாலு நாளில் வேறு செய்து கொடுத்திருப்பார். ஆனால் என்னவென்று போய்ச் சொல்வது? வேண்டாம் என்றதையே செய்தேன் என்றா? ஏன் என்று கேட்டால் ஒரு துலுக்க டாக்டரிடம் நன்மையைப் பற்றி எப்படிச் சொல்வது, சிரித்துவிட்டால்? அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளினாள். அடுத்த வாரம் பரீட்சை வந்தது. அதற்கடுத்து மழை. மாதாமாதம் டாக்டரிடம் போவது நின்றது. வீட்டில் கேட்டால் பள்ளிக்கூடம் விட்டுப் போய்க் காட்டிவிட்டு வந்தேன் என்றாள். கிறிஸ்மஸ் வருவதற்குள் அந்த ஒற்றைப் பல் பக்கத்துப் பல்லின்மேல் சாய ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரியில் டாக்டரிடமிருந்து கார்டு வந்தது. நாலு மாதமாகப் பெண்ணைக் காணவில்லையே என்று எழுதியிருந்தார். இன்னாசிராஜ் அன்றைக்குத்தான் மகள் வாயை உற்றுப் பார்த்தார். மறுபேச்சுப் பேசாமல் அவளை இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் வாயைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"பிளேட் போட்டியாம்மா?"

"போட்டேன் டாக்டர்."

"வெந்நீர்ல கழுவினியா?"

"இல்லை டாக்டர்."

"எங்க பிளேட்?"

"உடைஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். வாய் தன்பாட்டுக்கு ஓடிற்று. "அது நீங்க குடுத்ததுலேர்ந்தே சரியா உக்காரலை டாக்டர். ஆடிக்கிட்டேதான் இருந்துது."

டாக்டர் நம்ப முடியாமல் இன்னாசிராஜைப் பார்த்தார். "கழட்டி வச்சிருக்குமோ, சின்னப் பொண்ணுதானே..."

"என் மக பொய் சொல்ல மாட்டா," என்றார் இன்னாசிராஜ். குரல் உயர்ந்துவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "ரெண்டு வருஷம் என் புள்ள சாப்பாடு தண்ணி இல்லாம கிடந்தா. தெரியாத வேலைன்னா தெரியாதுன்னு சொல்லணும்யா. எங்க ஒர்க்‌ஷாப்புல ஒரு அப்ரண்டிஸ் பய இப்படி வேலை செஞ்சா கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுவோம்!"

காஜா மைதீன் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். "கம்பி வளைச்சதுல எங்கயோ தப்பிடுச்சு போல இருக்கு. மன்னிச்சுக்கங்க. முதல்லேர்ந்து திரும்பக் கட்டித் தரேன்," என்றார். இன்னாசிராஜ் கும்பிடு போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பெஞ்சைத் தாண்டும்போது எல்லாரும் ரோசரியின் வாயைத்தான் பார்த்தார்கள். அவள் கை முதல்முதலாக வாய்க்குப் போனது அங்கேதான்.

தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்ன பிளேட் அவள் டிரங்குப் பெட்டியின் அடியில் சோப்பு டப்பாவுக்குள் இருந்தது. சாமி பட்டதைக் குப்பையில் போட மனசு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை "பொய் சொன்னேன் சாமி, நாலு தடவை" என்று மற்றதோடு சேர்த்து ஒப்பித்தாள். யாரிடம், என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. எதற்காகவோ அழுது புரண்டவள் இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

பிறகு டீச்சர் டிரெயினிங் முடித்து, 1966-இல் ஸ்ரீரங்கத்தில் வேலை கிடைத்தது. பொன்மலையிலிருந்து போகிற பஸ் பாலக்கரை ரோட்டு வழியாகத்தான் போகும். போகும்போது டாக்டர் வீடு இடப்பக்கம், அதனால் வலப்பக்கம் உட்காருவாள். வரும்போது இடம் மாறி உட்காருவாள். இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டு குடையைப் பிரித்துச் சரிபார்ப்பாள். அப்பாவோ, பல் வைத்தியம் என்று யார் வாயெடுத்தாலும் பாலக்கரை டாக்டர் கதையை ஆரம்பித்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு நேரமும் நிறைய இருந்தது. பொன்மலையில் பாதிப் பேருக்கு அந்தக் கதை மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல ரோசரி அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள்.

1968 ஜூலையில் ஒரு நாள் மாலை ஏழாம் வகுப்பு ரங்கநாயகியின் அம்மா, மகள் அடிக்கடி லீவு போட்டதற்குக் காரணம் சொல்ல வந்தாள். ஸ்ரீரங்கம் கோயிலை ஒட்டிய உத்திர வீதிக்காரர்கள்.

"இவ பல்லைப் பாருங்கோ டீச்சர். நாளைக்கு நாலு பேர் முன்னாடி நிக்க வேண்டாமா? பாலக்கரையில ஒரு டாக்டர் இருக்காராமேன்னு இவ அப்பா அழைச்சுண்டு போனார். நல்ல மனுஷன். ஆனா கம்பி கட்டறதையே விட்டுட்டாராம். 'ஒரு பொண்ணுக்குக் கட்டினேன். நான் பண்ணின பிளேட் சரியில்லை, பல் திரும்பிடுத்து. தெரியாத வேலையைக் குழந்தேள் வாயில பண்ணப்படாது'ன்னு சொல்றார். மெட்ராஸ் போகச் சொல்றார். நாங்க எங்கேர்ந்து மெட்ராஸுக்கும் இங்கேயுமா அலையறது, சொல்லுங்கோ."

ரோசரி பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். ரங்கநாயகி அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்றாள். இடது கை வாயின்மேல் இருந்தது. டீச்சர் மாதிரி செய்து காட்டுகிறாளோ என்றுதான் முதலில் தோன்றியது. கேலி செய்கிற கண் அப்படித் தரையைப் பார்க்காது. அந்தப் பெண் நிஜமாகவே மறைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து சோப்பு டப்பாவை எடுத்தாள். வாசலில் சைக்கிள் செயினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"பாருங்கப்பா."

இன்னாசிராஜ் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துவிட்டுத் திறந்தார். தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரோசரி திருநாளிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கோபித்திருந்தால், ஒரு அறை விட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிளேட்டைத் திரும்பவும் டப்பாவில் வைத்து மூடினார். செயினை மாட்டவில்லை.

"நாளைக்கு லீவு சொல்லிடு," என்றார்.

பாலக்கரை டாக்டர் வீட்டில் அதே பெஞ்சுதான். ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். கண்ணாடி அலமாரியில் இரண்டு அச்சும் அப்படியே இருந்தன. மூன்றாவது இடம் காலியாக இருந்தது. நோயாளி ஒருவரை அனுப்பிவிட்டுத் திரையை விலக்கிய காஜா மைதீன் இவர்களைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். காதோரம் நரை தட்டியிருந்தது. இன்னாசிராஜ் உள்ளே போகவில்லை. எல்லார் முன்னிலையிலும் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார்.

"டாக்டர் ஐயா, நாலு வருஷத்துக்கு முன்னாடி இங்க நின்னுதான் உங்களை ஒரு வார்த்தை சொன்னேன். இத்தனை பேர் கேக்கத்தான் சொன்னேன். அதனால இதையும் இவங்க கேக்கவே சொல்றேன். உங்க வேலையில ஒரு தப்பும் இல்லை. இந்தாங்க, இதான் அந்த பிளேட். இதை வெந்நீர்ல போட்டவன் நான்தான். சுத்தம் பண்ணலாம்னு போட்டேன். நெளிஞ்சுடுச்சு. வெளியே சொல்லாதேன்னு பொண்ணை நான்தான் மிரட்டி வச்சேன்."

ரோசரி அப்பாவைப் பார்த்தாள். அந்த மனிதர் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. என் மக பொய் சொல்ல மாட்டா என்று இதே இடத்தில் சத்தம் போட்டவர், இப்போது அறுபது வயதில் வேற்று மனிதர்கள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, அவளுக்காகக் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் அலமாரியைத் திறந்து இரண்டாவது அச்சை எடுத்து அதன்மேல் பிளேட்டை வைத்தார். விரலால் அழுத்தினார். டக்கென்று ஒரு பக்கம் எழுந்தது. மறுபக்கம் அழுத்தினார். டக்.

ரோசரியின் கை வாயிலிருந்து இறங்கியது.

"அப்பா சொல்றது பொய் டாக்டர். அவங்களுக்கு இது நேத்து சாயந்தரம்தான் தெரியும். வெந்நீர் ஊத்தினது நான். கூடாதுன்னு தெரிஞ்சேதான் ஊத்தினேன். நீங்க குடுத்ததுலேர்ந்தே ஆடிச்சுன்னு சொன்னதும் நான்தான். அது அச்சு மாதிரி உக்காந்துது டாக்டர். நாலு மாசம் அசையவே இல்லை."

கோயிலில் நடந்ததையும் அத்தனை பேர் நடுவே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. இன்னாசிராஜ் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

காஜா மைதீன் அச்சிலிருந்து பிளேட்டை எடுத்தார். "எங்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா. நோன்பு வச்சுக்கிட்டுப் பல்லுக்கு மருந்து வைக்கலாமான்னு எங்காளுங்க வருஷா வருஷம் வந்து கேக்கறாங்க. நான் சிரிச்சிருக்க மாட்டேன்," என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எந்த இடத்துல கம்பியைத் தப்பா வளைச்சேன்னு நாலு வருஷமா இந்த அச்சை எடுத்து எடுத்துப் பாக்கறேன். ஒரு தப்பும் கண்ணுல படலை. தப்பைக் கண்டுபிடிக்கக்கூடத் தெரியாதவன் இந்த வேலைக்கே லாயக்கில்லைன்னு விட்டுட்டேன். பதினோரு பிள்ளைங்களைத் திருப்பி அனுப்பியிருக்கேம்மா."

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுதான் ரோசரி வந்திருந்தாள். பதினோரு பிள்ளைகள் என்ற பிறகு அந்த வார்த்தை போதவில்லை. காலியாக இருந்த மூன்றாவது இடத்தைப் பார்த்தாள்.

"மூணாவது அச்சு எடுங்க டாக்டர்," என்றாள். "இப்ப இருக்கிறபடியே எடுத்து அங்க வையுங்க. பக்கத்துல இந்த பிளேட்டையும் வையுங்க. வெந்நீர் ஊத்தினதுன்னு எழுதுங்க. என் பேரையும் எழுதுங்க."

"பேரெல்லாம் வேண்டாம்மா."

"எழுதணும் டாக்டர். ஸ்ரீரங்கத்துலேர்ந்து ரங்கநாயகின்னு ஒரு பொண்ணு மறுபடியும் வரும். அது வந்தா படிக்கணும்."

அச்சு எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. திரும்பும்போது பஸ்ஸில் இன்னாசிராஜ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பாலக்கரை தாண்டியது. "ஒர்க்‌ஷாப்புல ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போய்ச் சொல்லணும்," என்றார். "ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கறேன். நீயும் வா." அவளும் போனாள். ஒவ்வொரு வாசலிலும் அப்பா நிறுத்திய இடத்திலிருந்து அவள் சொன்னாள். ஏழாவது வீட்டிலும் முதல் வீட்டில் எரிந்த அளவுக்கே முகம் எரிந்தது.

ஆகஸ்டில் ரங்கநாயகி வாயில் கம்பியோடு வகுப்புக்கு வந்தாள். மணி அடித்து எல்லாரும் போன பிறகு டீச்சரின் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், அந்தக் கண்ணாடி அலமாரியில உங்க பேர் எழுதியிருக்கு. வர்றவா எல்லாரும் படிக்கறா. நானும் படிச்சேன்."

"சரி."

"உங்களுக்கு வெக்கமா இல்லையா டீச்சர்?"

ரோசரி டீச்சர் இரண்டு கையாலும் நோட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை எதுவும் வாய்க்குப் போகவில்லை.

"இருக்கு," என்றாள்.